ஸ்கிரீன் பிரிண்டிங் பழகும் ஓவிய மாணவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின் கலைக் கல்லூரிகளில் படிக்கிற எந்த மாணவருக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் கண்ணுக்குப் புதிதல்ல. கல்யாணப் பத்திரிகை, ஜவுளிக்கடை மஞ்சப்பையில் இருக்கும் கடைப்பெயர், திருப்பூர் பனியனின் நெஞ்சில் இருக்கும் படம், கட்சிக் கொடி என்று நம்மைச் சுற்றி இருப்பவற்றில் பல அந்த முறையில் அச்சானவைதான். ஆனால் தான் வரைந்த படத்தைத் தன் கையாலேயே அச்சடிக்கும் ஊடகமாக அதை எடுத்துக்கொள்பவர்கள் குறைவு. எடுத்துக்கொண்டவர்களிலும் பலர், முதல் சில தாள்கள் மங்கலாக வந்ததும் விட்டுவிடுகிறார்கள். பெரிய இழப்பு அது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லாமல், மொட்டைமாடி வெயிலை வைத்தே செய்துவிடக்கூடிய அச்சுக்கலைகள் அதிகம் இல்லை.

முறை எளிமையானது. சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் (மெஷ்) படம் வர வேண்டிய இடத்தைத் திறந்துவைத்து, மற்ற இடத்தை அடைத்துவிடுகிறோம். மேலே மையை ஊற்றி ரப்பர் பட்டையால் (ஸ்குவீஜி) இழுத்தால், திறந்த இடத்தின் வழியாக மட்டும் மை கீழே இருக்கும் தாளில் இறங்கும். துளையிட்ட தட்டை வாசலில் வைத்துக் கோலப்பொடி தூவுகிறோமே, அதே தத்துவம்தான். ஜப்பானில் கிமோனோ துணிக்குச் சாயமிட, மரப்பட்டைத் தாளைச் சீமைப்பனிச்சைச் சாற்றால் பதப்படுத்திச் செய்த கத்தகாமி என்ற வெட்டுத்தாள்களை நெடுங்காலமாகப் பயன்படுத்தினார்கள். 1907இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணித் திரையில் அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1962இல் ஆண்டி வார்ஹோல் மர்லின் மன்றோவின் முகத்தை இம்முறையில் அச்சிட்ட பிறகு, கலையுலகில் இது இன்னும் பரவலாகப் பேசப்பட்டது.

இந்தக் கலையைப் பழகுபவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். படத்தை முடித்துவிட்டு, பிறகு அதை எப்படி அச்சடிப்பது என்று யோசிக்காதீர்கள். பென்சில் எடுக்கும்போதே மையையும் மெஷ்ஷையும் மனதில் வைத்து வரையுங்கள். கீழே வருபவை எல்லாம் இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவைதான்.

1. வரையும்போது

செய்ய வேண்டியவை

• உங்கள் தெருவிலிருந்து வரையத் தொடங்குங்கள். டீக்கடை பாய்லர், சைக்கிளில் கட்டிய பால் கேன், பேருந்து நிலையத்துப் பூக்காரம்மா, மீன் சந்தைத் தராசு என்று எதுவும் போதும். லாஸ் ஏஞ்சல்ஸில் இம்மாகுலேட் ஹார்ட் கல்லூரியில் கற்பித்த கொரிட்டா கென்ட், அட்டையில் சிறு சதுரம் வெட்டி, அதன் வழியாக ஊரைப் பார்க்கும்படி மாணவர்களைப் பழக்கினார். 1960களில் அவர் செய்த ஸ்கிரீன் அச்சுகளே மளிகைப் பொட்டலங்களிலிருந்தும் சாலைப் பலகைகளிலிருந்தும் பிறந்தவை. நீங்களும் ஓர் அட்டையில் சதுரம் வெட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்ப் பாருங்கள். வேண்டாததை ஒதுக்கவும் வேண்டியதை மட்டும் சட்டத்துக்குள் வைக்கவும் கண் பழகிவிடும்.

• தட்டையான வடிவங்களாக யோசியுங்கள். வெயில் பட்ட பகுதி ஒரு வடிவம், நிழல் ஒரு வடிவம், பின்னணி ஒரு வடிவம். மூன்றையும் கறுப்புத் தாளில் வெட்டி ஒட்டிப் பாருங்கள். வெட்டி ஒட்டியே படம் புரிந்தால் அச்சிலும் புரியும்.

• கோட்டின் கனத்தைப் படியுங்கள். ஆனந்த விகடனில் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ தொடருக்குக் கோபுலு வரைந்த படங்களைப் பாருங்கள். முகபாவத்துக்கு எத்தனை குறைந்த கோடுகள் போதும் என்று தெரியும். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே தாளை விட்டு எழுந்தது என்பது வரை தெரியும். இத்தகைய கோடு ஸ்கிரீனுக்கு மிகவும் ஏற்றது.

• முதல் படத்துக்கு இரண்டு நிறமும் தாளின் வெள்ளையும் போதும். வெள்ளையையும் ஒரு நிறமாகவே கணக்கில் எடுங்கள்.

செய்யக்கூடாதவை

• வாட்டர் கலரில் வரைந்த மென்மையான படத்தை அப்படியே ஸ்கிரீனுக்குக் கொண்டுபோகாதீர்கள். மை ஒன்று விழும், இல்லாவிட்டால் விழாது. நடுவில் மங்கலான நிலை இல்லை. தொனி வேண்டுமென்றால் புள்ளிகளாகவோ குறுக்குக் கோடுகளாகவோ, உலர்ந்த தூரிகையின் சொரசொரப்பாகவோ மாற்றி வரையுங்கள்.

• இணையத்தில் கிடைத்த படத்தை வைத்து டிரேஸ் எடுக்காதீர்கள். கை பழகாது, உரிமைச் சிக்கலும் வரும்.

• மயிரிழைக் கோடுகளால் படத்தை நிரப்பாதீர்கள். தாளில் அழகாகத் தெரியும் மெல்லிய பேனாக் கோடு, மெஷ்ஷின் இழைகளுக்கு நடுவே அறுந்து அறுந்துதான் அச்சாகும்.

2. நிறம் பிரித்தலும் பாசிட்டிவும்

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன், ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் ஒரு பாசிட்டிவ். ஒளி ஊடுருவும் தாளில் கறுப்பாக வரைந்ததுதான் பாசிட்டிவ். மெஷ்ஷில் பூசும், ஒளி பட்டால் கெட்டிப்படும் பூச்சுதான் எமல்ஷன். அதன் மேல் பாசிட்டிவை வைத்து ஒளி காட்டினால், கறுப்பு மறைத்த இடம் மட்டும் கெட்டிப்படாமல், கழுவும்போது திறக்கும். ஓவியர் என்ற முறையில் நீங்கள் அதிகம் விளையாடக்கூடிய இடம் இது.

செய்ய வேண்டியவை

• முடிந்தவரை பாசிட்டிவைக் கையால் வரையுங்கள். பட்டர் பேப்பரிலோ டிரேசிங் ஃபிலிமிலோ கறுப்பு மையால் நேரடியாக வரைந்தால் தூரிகையின் உயிர் அச்சிலும் வரும். ஸ்பாஞ்சில் ஒற்றுங்கள், பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளியுங்கள், கரடுமுரடான பரப்பின் மேல் ஃபிலிமை வைத்து மெழுகுக் கிரேயானால் தேயுங்கள். இலை, வலை, லேஸ் துணி போன்றவற்றையே நேரடியாக எமல்ஷனின் மேல் வைத்து ஒளி காட்டியும் பார்க்கலாம்.

• எழுத்தோ கம்ப்யூட்டரில் செய்த படமோ என்றால், டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுங்கள். சாதாரணத் தாளில் எடுத்த பிரிண்ட்டின் பின்புறம் தேங்காய் எண்ணெய் தடவி ஒளி ஊடுருவச் செய்யும் வழக்கம் சின்ன அச்சகங்களில் உண்டு. பழகும் காலத்துக்கு அதுவும் போதும். மிஞ்சிய எண்ணெயை நன்றாகத் துடைத்தெடுத்துவிடுங்கள்.

• நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி வரையுங்கள். தாள் கொஞ்சம் நகர்ந்தாலும் நடுவில் வெள்ளைக் கோடு பல்லிளிக்காது.

• ஒளி ஊடுருவும் மையைப் பயன்படுத்திப் பாருங்கள். மஞ்சளின் மேல் நீலம் ஏறிய இடம் பச்சையாகும். இரண்டு ஸ்கிரீனில் மூன்று நிறம் கிடைக்கும். எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் என்ன வரும் என்று சிறு கட்டங்களாக அடித்து ஓர் அட்டவணை செய்து சுவரில் ஒட்டிவையுங்கள்.

• நிறங்களைப் பொருத்திப் பார்க்க, எல்லாப் பாசிட்டிவிலும் ஒரே இடத்தில் கிராஸ் மார்க் போடுங்கள்.

செய்யக்கூடாதவை

• பாசிட்டிவில் சாம்பல் நிறத்தை விட்டுவைக்காதீர்கள். விளக்குக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். கறுப்பின் வழியே வெளிச்சம் தெரிந்தால் அங்கே எமல்ஷன் அரைகுறையாகக் கெட்டிப்படும், கழுவும்போது திறக்காது.

• ஒரு நிறத்துக்கு டிரேசிங் தாளும் இன்னொன்றுக்கு ஃபிலிமும் பயன்படுத்தாதீர்கள். ஈரக்காற்றில் தாள் விரியும், ஃபிலிம் விரியாது. நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

• தொனிக்காகப் போடும் ஹாஃப்டோன் புள்ளிகளைக் கண்மூடித்தனமாகச் சிறிதாக்காதீர்கள். அங்குலத்துக்கு எத்தனை வரிசைப் புள்ளிகளோ, அதைப்போல் நான்கு ஐந்து மடங்கு இழைகள் மெஷ்ஷில் இருக்க வேண்டும். 45 வரிசை என்றால் 200க்கு மேல் இழைகள் தேவை. அதற்குக் குறைந்தால் புள்ளிகள் இழைகளோடு மோதி, படத்தில் இல்லாத அலைக்கோலம் ஒன்று தோன்றும்.

3. மெஷ், எமல்ஷன், வெயில்

செய்ய வேண்டியவை

• அச்சடிக்கும் பரப்புக்கு ஏற்ற மெஷ் வாங்குங்கள். கடையில் 43, 77, 90, 120 என்று சொல்வது ஒரு சென்டிமீட்டரில் உள்ள இழைகளின் எண்ணிக்கை. அங்குலக் கணக்கில் அவை ஏறத்தாழ 110, 195, 230, 305 ஆகும். துணிக்கு 43ஐ ஒட்டியது சரி, மை தாராளமாக இறங்கும். தாளுக்கு 77 முதல் 120 வரை. நுணுக்கம் கூடக் கூட இழை எண்ணிக்கையும் கூட வேண்டும், மைப்படலமும் மெலிந்துகொண்டே போகும்.

• புது மெஷ்ஷாக இருந்தாலும் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டு எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவிக் காயவையுங்கள். விரல் ரேகையில் இருக்கும் எண்ணெய் போதும், எமல்ஷன் அங்கே ஒட்டாமல் ஓட்டை விழும்.

• எமல்ஷனை மெல்லியதாக, ஒரே சீராக இழுங்கள். அச்சுத் தாளைத் தொடும் பக்கம் கீழே பார்க்கும்படி, இருட்டறையில் படுக்கைவாட்டில் காயவையுங்கள். அறையில் மஞ்சள் விளக்கு இருக்கலாம். எமல்ஷனைக் கெட்டிப்படுத்துவது புற ஊதாக் கதிர்தான்.

• ஒளி காட்டும் நேரத்தை நீங்களே கண்டுபிடியுங்கள். பாசிட்டிவின் மேல் அட்டையை வைத்து, சம இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரே ஸ்கிரீனில் பல நேரங்களைச் சோதிக்கலாம். கழுவும்போது வழவழவென்று எமல்ஷன் கரைந்து வந்தால் நேரம் போதவில்லை. மெல்லிய கோடுகள் திறக்கவே இல்லை என்றால் நேரம் கூடிவிட்டது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது உங்கள் நேரம்.

• மொட்டைமாடி வெயிலில் செய்வதானால் அதே மாதம், அதே மணி, அதே எமல்ஷன் என்று வைத்துச் சோதியுங்கள். சித்திரை நண்பகல் வெயிலும் மார்கழிக் காலை வெயிலும் ஒன்றல்ல. பாசிட்டிவின் மேல் கண்ணாடியும், ஸ்கிரீனுக்கு உள்ளே கறுப்புத் துணி சுற்றிய ஸ்பாஞ்சும் வைத்து அழுத்துங்கள். பாசிட்டிவ் எமல்ஷனோடு ஒட்டிக் கிடந்தால்தான் விளிம்பு கூர்மையாக வரும்.

செய்யக்கூடாதவை

• காயாத எமல்ஷனுக்கு ஒளி காட்டாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலும் டெல்டாவிலும் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். கழுவும்போது படமே உரிந்து வரும். முந்தின இரவே பூசி, இருட்டறையில் காற்று படும்படி விட்டுவையுங்கள்.

• கழுவும் இடத்துக்கு வெயிலில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒளி காட்டிய ஸ்கிரீனைக் கறுப்புத் துணியால் மூடி எடுத்துப்போய், உடனே இரண்டு பக்கமும் நனைத்துவிடுங்கள். நனைத்ததும் படம் வராவிட்டால் பதறித் தேய்க்காதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு மென்மையாக நீர் அடித்தால் திறக்கும்.

• தொய்ந்த மெஷ்ஷோடு போராடாதீர்கள். ஸ்குவீஜி போகும் திசையில் துணி நகரும், இரண்டாம் நிறம் எந்தக் காலத்திலும் பொருந்தாது. அந்தச் சட்டத்தைப் பிரித்து மறுபடி கட்டுவதுதான் வழி.

4. அச்சடிக்கும்போது

செய்ய வேண்டியவை

• தடித்த பிளைவுட் பலகையில் கதவுக் கீல் வைத்துச் சட்டத்தைப் பொருத்துங்கள். தாள் வந்து முட்டி நிற்க மூன்று இடங்களில் அட்டைத்துண்டு ஒட்டுங்கள். நீண்ட பக்கத்தில் இரண்டு, குறுகிய பக்கத்தில் ஒன்று. ஒவ்வொரு தாளும் அதே மூலையில் வந்து நிற்கும்.

• சட்டத்தின் விளிம்பில் அட்டை கொடுத்து, மெஷ்ஷுக்கும் தாளுக்கும் இடையே 2, 3 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஸ்குவீஜி போகும் இடத்தில் மட்டும் மெஷ் தாளைத் தொட்டு, உடனே விடுபட வேண்டும். ஒட்டிக்கொண்டே இருந்தால் விளிம்பில் மை கசியும்.

• ஸ்குவீஜியைப் படத்தைவிட இருபுறமும் சில சென்டிமீட்டர் அகலமாக எடுங்கள். சாய்வு மாறாமல், ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் இழுங்கள். தாளுக்குக் கூர்மையான, கொஞ்சம் விறைப்பான ரப்பர். துணிக்கு மென்மையான ரப்பர்.

• முதலில் பழைய செய்தித்தாளில் அடியுங்கள். மை சீராக இறங்கத் தொடங்கிய பிறகு நல்ல தாளை வையுங்கள். செய்தித்தாளில் தற்செயலாக ஒன்றன்மேல் ஒன்று விழுந்த அச்சுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த படத்துக்கான யோசனை பல நேரம் அங்கேதான் கிடக்கும்.

• ஒவ்வொரு தாளுக்கும் பிறகு, அழுத்தாமல் மையை மெஷ்ஷின் மேல் ஒருமுறை பரப்பிவையுங்கள். துளைகள் ஈரமாகவே இருக்கும்.

• இளம் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போவது பொதுவான வரிசை. அதைப் பழகிய பிறகு, வரிசையை மாற்றி அடித்துப் பாருங்கள். கறுப்பின் மேல் ஏறிய வெள்ளைக்குத் தனி அழகு உண்டு.

• கறுப்புத் தாளில் அடிக்க விரும்பினால், ஒளி ஊடுருவாத மையை எடுங்கள். சென்னை தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலைத் தேடிப் பாருங்கள். கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த மரங்கள், கறுப்புத் தாளில் கையால் ஸ்கிரீன் அச்சிடப்பட்டவை. இரவைத் தாளே கொடுத்துவிடுகிறது, மரத்தை மட்டும் மை கொடுக்கிறது. தாளையும் மையையும் முன்கூட்டியே நினைத்து வரைந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் ஊரிலேயே அச்சான சான்று அது.

• துணியில் அடிப்பதானால் கோரா காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகு அடியுங்கள். மை காய்ந்ததும் மேலே தாள் வைத்து மறுபடி இஸ்திரி போட்டுச் சூட்டில் நிலைப்படுத்துங்கள். தண்ணீர் கலந்த பிக்மென்ட் மைக்கு வீட்டு இஸ்திரிப்பெட்டியே போதும். திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்கள் பயன்படுத்தும் பிளாஸ்டிசால் மை ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் முழுதாக இறுகும். அதற்குத் தனி உலர்த்தி வேண்டும்.

செய்யக்கூடாதவை

• அச்சடிக்கும்போது தலைக்கு மேல் மின்விசிறியை ஓடவிடாதீர்கள். தண்ணீர் கலந்த மை நம் ஊர்ச் சூட்டில் மெஷ்ஷிலேயே காய்ந்து துளையை அடைத்துவிடும். வெயில் காலத்தில் அதிகாலையில் அடியுங்கள், மை காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை அளவாகச் சேருங்கள், பக்கத்தில் ஈர ஸ்பாஞ்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

• டீ குடிக்கப் போகும்போது ஸ்கிரீனை மையோடு விட்டுப் போகாதீர்கள். மையை வழித்தெடுத்துக் கழுவிவிட்டுப் போங்கள்.

• ஒரே நேரத்தில் மையின் பதம், அழுத்தம், இடைவெளி என எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அச்சு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அந்தத் தாளின் பின்னால் பென்சிலில் குறியுங்கள். குறித்துவைத்தால்தான் அது சோதனை.

• முதல் நிறம் முழுதாகக் காயுமுன் இரண்டாம் நிறத்துக்குப் போகாதீர்கள். அதேபோல், முதல் நிறத்தை அடிக்கும்போதே நாலைந்து தாள் கூடுதலாக அடித்துவைக்க மறக்காதீர்கள். பொருத்தம் பார்ப்பதில் சில தாள்கள் வீணாகியே தீரும்.

5. தமிழ் எழுத்து

போஸ்டரோ சிற்றிதழ் அட்டையோ செய்யும்போது, படத்துக்கு இணையாக எழுத்துக்கும் உழையுங்கள். பத்திரிகைத் தலைப்புகளுக்கும் நூல்களின் அட்டைகளுக்கும் ஆதிமூலம் எழுதிய எழுத்துகளைப் பார்த்தால், தமிழ் எழுத்து எவ்வளவு தூரம் ஓவியமாக முடியும் என்று புரியும்.

செய்ய வேண்டியவை

• எழுத்தைத் தூரிகையாலோ பட்டை நிப்பாலோ பாசிட்டிவிலேயே எழுதுங்கள். மரச்செதுக்கு, லினோ போல இடவலம் மாற்றி எழுதத் தேவையில்லை. ஸ்கிரீனில் எழுதியது எழுதியபடியே அச்சாகும்.

• க, ண, ஞ, ழ போன்றவற்றின் வளையங்களைக் கொஞ்சம் அகலமாக விடுங்கள். மை பரவி முதலில் அடைபடுவது அவைதான். புள்ளியையும் ஒரு சுற்றுப் பெரிதாகப் போடுங்கள். புள்ளி விழாவிட்டால் சொல்லே மாறிவிடும்.

• தாள் ஸ்டென்சில் வெட்டுவதானால், வளையத்தின் உட்பகுதி கழன்று விழாதபடி சிறு பாலம் விட்டு வெட்டுங்கள். ட, ப, ர போன்ற திறந்த எழுத்துகளுக்கு இந்தக் கவலை இல்லை.

செய்யக்கூடாதவை

• கம்ப்யூட்டரில் எழுத்தை அகலவாக்கில் இழுத்தோ நசுக்கியோ இடத்தை நிரப்பாதீர்கள். கோட்டின் கனம் தாறுமாறாகும்.

• எழுத்துப்பிழையோடு ஒளி காட்டாதீர்கள். பாசிட்டிவை இன்னொருவரிடம் கொடுத்து ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள்.

6. உடம்பும் ஊரும்

செய்ய வேண்டியவை

• எமல்ஷன் வாங்கும்போது அதில் என்ன உணர்வூட்டி சேர்க்கிறார்கள் என்று கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் டைக்ரோமேட் உப்பு, ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் கொண்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, தோலைப் புண்ணாக்கும். மாணவர்கள் டயஸோ எமல்ஷனையோ, கலந்தே வரும் போட்டோபாலிமர் எமல்ஷனையோ வாங்குவதுதான் நல்லது. கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், தவறில்லை.

• நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஏப்ரன் மூன்றும் மை டப்பாவுக்கு முன்பே வாங்க வேண்டியவை. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

• பழகும் காலத்தில் தண்ணீர் கலந்த மையையே பயன்படுத்துங்கள். தின்னரும் மண்ணெண்ணெயும் வேண்டியிருக்காது.

செய்யக்கூடாதவை

• மிஞ்சிய மையைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அட்டைத்துண்டால் வழித்து டப்பாவில் சேருங்கள். ஒட்டியிருப்பதைச் செய்தித்தாளால் துடைத்த பிறகு ஸ்கிரீனைக் கழுவுங்கள்.

• எமல்ஷனை எடுக்கும் திரவத்தை மெஷ்ஷில் காயவிடாதீர்கள். காய்ந்துவிட்டால் எமல்ஷன் நிரந்தரமாக அங்கேயே தங்கிவிடும், மெஷ் வீண். பிளீச்சிங் பவுடர் பயன்படுத்துபவர்கள் அதோடு எந்த அமிலத்தையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

• சமையலறைப் பாத்திரத்தையும் கரண்டியையும் மை கலக்க எடுத்துவிட்டு, மறுபடி அடுப்படிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

7. கையெழுத்து, விற்பனை, உரிமை

செய்ய வேண்டியவை

• ஒரே தரத்தில் வந்த அச்சுகளை மட்டும் தேர்ந்து எண்ணிடுங்கள். கீழே இடப்பக்கம் 3/20 என்று எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்தும் ஆண்டும். மூன்றும் பென்சிலில். 3/20 என்றால் மொத்தம் 20 பிரதிகள், அதில் இது மூன்றாவது.

• நல்ல தாளில் அடியுங்கள். அமிலமில்லாத பருத்தித் தாள் 250 ஜி.எஸ்.எம்.க்கு மேல் இருந்தால் பல நிறங்களைத் தாங்கும். புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் பட்டறையின் தாள்களைச் சோதித்துப் பார்க்கலாம். சென்னையில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு நாள் சுற்றினால் தாள் வகைகளைப் பற்றி விரல் நுனியிலேயே ஒரு படிப்பு கிடைக்கும்.

• தொழில்முறை அச்சகங்களுக்குப் போய் அனுமதி கேட்டு நின்று பாருங்கள். வருடக்கணக்காகப் பத்திரிகை அடிக்கும் அண்ணன்களின் கையில் இருக்கும் அழுத்தக் கணக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. மரியாதையோடு கேளுங்கள், கற்றதற்கு அவர்கள் பெயரைச் சொல்லுங்கள். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மண்டல மையத்தில் அச்சுக்கலைக் கூடம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் கலைஞர்களையும் சந்தியுங்கள்.

• யாராவது பணம் கொடுத்துப் படம் கேட்டால், உரிமை யாருக்கு, எத்தனை பிரதி, எங்கெங்கே பயன்படுத்தலாம் என்பதை எழுதி வாங்குங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் உரிமை கேட்டவருக்கே போய்விடக்கூடும்.

செய்யக்கூடாதவை

• 20 என்று எண் போட்டுவிட்டு இருபத்தோராவதை அடிக்காதீர்கள். வாங்கியவரின் நம்பிக்கை அந்த எண்ணில் இருக்கிறது.

• பிறருடைய படத்தைப் பனியனில் அடித்து விற்காதீர்கள். நம் நாட்டில் ஓவியரின் ஆயுட்காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உரிமை தொடரும். 1906இல் மறைந்த ரவி வர்மாவின் படங்கள் இன்று பொதுச்சொத்து. 2015இல் மறைந்த கோபுலுவின் படங்கள் அப்படியல்ல.

• கோண்டு, வார்லி போன்ற பழங்குடி மரபுகளின் புள்ளியையும் கோட்டையும் எடுத்து உங்கள் பாணி என்று சொல்லாதீர்கள். அந்த ஓவியர்கள் இன்றும் வரைந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்யுங்கள், பெயரும் பங்கும் கொடுங்கள்.

• தெரிந்தவர் என்பதற்காக அச்சை இலவசமாகக் கொடுத்துக்கொண்டே போகாதீர்கள். தாள், மை, மெஷ், உங்கள் உழைப்பு நாலையும் கூட்டி விலை சொல்லுங்கள். குறைத்து விற்பதால் உங்களோடு சேர்த்து உங்கள் வகுப்புத் தோழரின் விலையும் குறைகிறது.

தொடங்குபவர்களுக்கு

இவ்வளவையும் ஒரே நாளில் கடைப்பிடிக்க முடியாது, தேவையும் இல்லை. ஏ4 அளவில், இரண்டு நிறத்தில், உங்கள் தெருவில் பார்த்த ஒரு பொருளை வரையுங்கள். பாசிட்டிவைக் கையால் வரையுங்கள். கூடவே ஒரு நோட்டு வையுங்கள். மெஷ் எண், எமல்ஷன், வெயில் நேரம், மையின் பதம், தாள் ஆகியவற்றை ஒவ்வொரு அச்சுக்கும் எழுதுங்கள். அந்த நோட்டு நிரம்பும்போது உங்களுக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கும். அதைப் பூட்டிவைக்காமல் அடுத்த வகுப்பு மாணவரிடம் காட்டுங்கள்.

கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அச்சுக்கூடத்தை மதிப்பெண் நாட்களில் மட்டும் திறக்காமல், மாலை நேரங்களிலும் மாணவர்களுக்குத் திறந்துவிடுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கைப் பார்த்துப் பாதி கற்கலாம், மீதியை இழுத்து இழுத்துத்தான் கற்க வேண்டும்.